இதுக்கு இன்னா சொல்றது?

மீட்டிங் நடக்கும்போது எங்கள் டீமில் இரண்டு பேச்சு நடக்கும். ஒன்று எல்லாரும் கேட்கிற இங்கிலீஷ் பேச்சு. இன்னொன்று லேப்டாப் மூலையில் எங்கள் டீமுக்கு மட்டும் தெரிகிற சின்ன சாட் பெட்டியில் நடப்பது. எங்களுக்கு வேலை கொடுக்கிற ஹாலந்துக் கம்பெனிக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். பூமாரி மைக்கை அணைத்துவிட்டு எனக்கு எழுதுவாள்: ‘உஸ்மா, இதுக்கு இன்னா சொல்றது?’ கீழே விஷயத்தைத் தமிழில் இரண்டு வரியில் கொட்டுவாள். நான் அதை இங்கிலீஷாக்கி அனுப்புவேன். அவள் மைக்கைத் திறந்து வாசிப்பாள். பூமாரி யோசித்து நிதானமாகப் பேசுகிறவள் என்று ஹாலந்துக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். யோசனை எல்லாம் அவளுடையதுதான். நிதானம் மட்டும் என் டைப்பிங் வேகம்.

பூமாரிக்கு முப்பத்தொரு வயது. திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண். அப்பாவுக்குக் கடல், அம்மா கன்னியம்மாவுக்குக் காசிமேட்டு மீன் ஏலம், அண்ணன் டில்லிபாபுவுக்கு ட்ரெய்லர் லாரி. இவள் ஒருத்திதான் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் என்று அவள் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவள். காலேஜில் இங்கிலீஷில் பரீட்சை எழுதினாள், ஆனால் யாரோடும் அதில் பேசினது கிடையாது. எந்த வேலையைக் கொடுத்தாலும் முடித்துவிடுவாள். என்ன செய்தாய் என்று இங்கிலீஷில் கேட்டால்தான் மாட்டிக்கொள்வாள்.

நான் தண்டையார்பேட்டைக்காரி. அதே கம்பெனியில் என்ஜினியர்கள் செய்கிறதை மற்றவர்கள் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி எழுதிக் கொடுப்பது என் வேலை. காலையில் அவள் திருவொற்றியூரில் மெட்ரோ ஏறி, பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடிப்பாள். யாராவது கேட்டால் ‘ஆள் வருது’ என்பாள். தண்டையார்பேட்டையில் ஆள் ஏறும். கிண்டி வரைக்கும் வாய் ஓயாது. தமிழில் பேசவிட்டால் அவளிடம் ஒருத்தரும் நிற்க முடியாது.

ஹாலந்துக்காரர்கள் ஒருமுறை எங்கள் மேலிடத்துக்குக் குறை எழுதினார்கள். உங்கள் என்ஜினியர்கள் எதைக் கேட்டாலும் ‘யெஸ் யெஸ், வீ வில் செக்’ என்கிறார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை என்று. உடனே மேலிடம் என்னைக் கூப்பிட்டது. புதன்கிழமை தோறும் மதியம் ஒரு வகுப்பு எடுக்க வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: சர்வீஸ் மெஷ் வேலை பார்ப்பவர்களுக்கான இங்கிலீஷ் வார்த்தைகள். எனக்கு வந்ததே கோபம். சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகுகிற நேரத்தில் வகுப்பு, அதுவும் எனக்கே தெரியாத சமாசாரத்தில். மெஷ் என்றால் என்ன என்று எனக்கு யார் வகுப்பு எடுப்பது?

மறுநாள் மெட்ரோவில் பூமாரிதான் எடுத்தாள்.

“எங்கண்ணன் வண்டியில கிளீனர் கீறான் பாரு. அண்ணன் ஸ்டியரிங்க வுட்டு எறங்காது. கேட்ல பாஸ் கேக்கறது, வழி கேக்கறது, பின்னாடி நின்னுகினு ‘வா வா வா’ன்னு சவுண்டு வுடறது, எல்லாம் கிளீனர் வேலை. நம்ம சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு புரோகிராமு பக்கத்துலயும் அப்டி ஒரு கிளீனர் குந்திகினு கீறான். அவன் தான் சைட்கார். புரோகிராமு அது வேலைய பாக்கும். அடுத்த புரோகிராமாண்ட போய் பேசறது, நீ யாருன்னு கார்டு கேக்கறது, பதில் வரலன்னா திருப்பி கேக்கறது, அதெல்லாம் இவன் பாத்துப்பான். இந்த கிளீனருங்க மொத்தமா சேந்தா அதாண்டி மெஷ்ஷு.”

“இத்த அப்டியே வகுப்புல சொல்லிடவா?”

“சொல்லேன். யாரு வேணான்னது.”

அப்படியே சொன்னேன். டீம் லீட் தேவப்பிரியம் ராயபுரத்துக்காரர், அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. பிறகு ஒவ்வொரு புதனும் வார்த்தைகள். ரீட்ரை என்றால் பதில் வராவிட்டால் திரும்பக் கேட்பது. டைம்அவுட் என்றால் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்கிற கெடு. பேக்ஆஃப் என்றால் ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விட்டுக் கேட்பது. சர்க்கியூட் பிரேக்கர் என்றால் எதிர்ப்பக்கம் தள்ளாடுகிறது என்று தெரிந்தால் கேட்பதையே நிறுத்திவிடுவது. பூமாரி முதல் வரிசையில் உட்கார்ந்து வாயசைத்து வாயசைத்து மனப்பாடம் செய்தாள். வகுப்பில் எந்த வார்த்தையைக் கேட்டாலும் டக்கென்று அர்த்தம் சொல்வாள். மீட்டிங் என்று வந்தால் பழையபடி சாட் பெட்டிதான்.

எங்கள் சாஃப்ட்வேர் எண்ணூர்ப் பக்கம் அந்த ஹாலந்துக் கம்பெனி நடத்தும் ஒரு கன்டெய்னர் யார்டுக்கானது. யார்டின் பெயரை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ட்ரெய்லர் டிரைவர் தன் போனில் ஆப்பைத் திறந்து ஒரு பட்டனை அழுத்தினால், யார்டுக்குள் வர நேரம் குறித்துக் கொடுக்கும். அந்த நேரம் கிடைத்தால்தான் லோடு. டிரைவருக்குத் தெரிவது ஒரு பட்டன். உள்ளே ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கேட்கும், அது அடுத்ததைக் கேட்கும். கடைசியில் உட்கார்ந்திருப்பது பில் சரிபார்க்கும் புரோகிராம். அது கொஞ்சம் மந்தம். சில நேரம் பதிலே சொல்லாது. டிரைவர் போனில் ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்று வந்து நிற்கும்.

டில்லி அண்ணனும் அந்த ஆப்பில்தான் நேரம் வாங்குகிறவர். வீட்டுக்கு வந்து தங்கையிடம் கத்துவார்.

“இன்னா ஆப்புடி செஞ்சி வச்சிகிறீங்க? ஒரு தபா அமுக்கினா வாங்க மாட்டுது. வண்டிய ஓரங்கட்டிட்டு வெயில்ல போனயே பாத்துகினு குந்திகினு கீறோம்.”

பூமாரிக்கு மனசு கேட்கவில்லை. டிரைவர்கள் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம், கிளீனர்களே திரும்பக் கேட்கட்டும் என்று ரீட்ரை செட்டிங்கை மாற்றினாள். பட்டனிலிருந்து பில் வரைக்கும் வழியில் மூன்று இடம். மூன்றிலும் மூன்று மூன்று முறை கேட்கச் சொல்லி வைத்தாள். பதில் இல்லையென்றால் அந்த நொடியே திரும்பக் கேள்.

எங்கள் பக்கத்துப் புத்தி அது. ரேஷன் கடையாகட்டும், தண்ணி லாரியாகட்டும், கொருக்குப்பேட்டையில் அடைத்த ரயில்வே கேட்டாகட்டும், ஒருமுறை கேட்டுவிட்டு மரியாதையாக ஓரத்தில் நின்றவனுக்கு இங்கே எதுவும் கிடைத்ததில்லை. அண்ணா, அண்ணா என்று விடாமல் கேட்க வேண்டும். “கேட்டுகினே இருந்தா தாண்டி குடுப்பான்” என்று அவள் சொன்னபோது நானும் தலையாட்டினேன். தேவப்பிரியமும் பார்த்து ஓகே போட்டார். நாங்கள் எல்லாருமே வரிசையில் இடித்துக்கொண்டு நின்று வளர்ந்தவர்கள். ஒருத்தருக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

சில வாரம் ஜோராக ஓடியது. “இப்ப ஆப்பு சோக்கா கீது” என்று டில்லி அண்ணன் வாயாலேயே வந்தது. அதை அவள் மெட்ரோவில் எனக்குப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை சொன்னாள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை காலையில் பில் புரோகிராம் வழக்கத்தைவிட மெதுவாக ஓடியது. செத்துப் போகவில்லை, மெதுவாக ஓடியது, அவ்வளவுதான். கொஞ்சம் விட்டிருந்தால் தானாகச் சரியாகியிருக்கும். ஆனால் கிளீனர்கள் விடவில்லை. பதில் எங்கே, பதில் எங்கே என்று அத்தனை பேரும் அதன் தலைமேல் ஏறி நின்று கேட்டார்கள். அது சுருண்டு விழுந்தது. யார்டு கேட் மூடியபடி நின்றது. எர்ணாவூர் மேம்பாலம் வரைக்கும் ட்ரெய்லர்கள் வரிசையாக நின்றுவிட்டன. பள்ளிக்கூட வேன்கள் மாட்டிக்கொண்டன. மதியத்துக்கு மேல்தான் எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்ப ஓடவிட்டு வழி திறந்தார்கள்.

யார்டுக்காரர்கள் கடைசியில் இருக்கும் பில் புரோகிராமின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரே போன் நம்பரிலிருந்து ஒரு நிமிஷத்துக்குள் இருபத்தேழு தடவை கேட்டிருப்பது தெரிந்தது; அப்படிப் பல நம்பர்கள். டிரைவர்கள் பொறுமை இல்லாமல் பட்டனைக் குத்து குத்தென்று குத்தியிருக்கிறார்கள், அதனால்தான் சிஸ்டம் விழுந்தது என்று முடிவு கட்டினார்கள். அந்த நம்பர்களை எல்லாம் மறுநாளே முடக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை ஹாலந்தோடு மீட்டிங். இனி இப்படிச் செய்கிற டிரைவர்களை நிரந்தரமாக முடக்குவது என்று அதில் விதி போடப் போவதாகவும் சொல்லி அனுப்பினார்கள்.

முடக்கப்பட்டதில் டில்லி அண்ணன் நம்பரும் இருந்தது. நம்பர் இல்லையென்றால் நேரம் இல்லை, நேரம் இல்லையென்றால் லோடு இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில் நடந்ததைப் பூமாரி எனக்குப் போனில் சொன்னாள்.

“நான் ஒரு தபா தாம்மா அமுக்கினேன்” என்றிருக்கிறார் அவர்.

“பதிவுல இருபத்தேழு தபா கீதுண்ணா.”

“இருபத்தேழு தபா அமுக்க நான் இன்னா லூசா?”

“உனுக்கு எப்ப தான் பொறுமை இருந்துது? மிஷினு பொய் சொல்லாது.”

அவர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். “நான் சொன்னதுல இன்னாடி தப்பு?” என்று என்னைக் கேட்டாள். எனக்கும் அன்றைக்கு அதில் தப்பு தெரியவில்லை. மனுஷன் கோபக்காரர், குத்தியிருப்பார் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. மாதத்தில் ஒரு ஞாயிறு அப்படி வழக்கம். அன்றைக்கு நண்டுக் குழம்பு. எங்கள் வீட்டில் நண்டு பழக்கமில்லை என்பதால் கன்னியம்மா எனக்கு மட்டும் வஞ்சிரம் வறுத்து வைப்பார். பூமாரிக்கு நண்டு என்றால் உயிர், ஆனால் உடைக்க வராது. மீன்காரக் குடும்பத்தில் பிறந்துவிட்டு இது ஒரு வெட்கக்கேடு. சின்ன வயசிலிருந்தே டில்லி அண்ணன்தான் ஓட்டைக் கடித்து உடைத்து, சதையை எடுத்து அவள் தட்டில் வைப்பார். கல்யாண வயசு தாண்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை என்று நான் கிண்டல் செய்வேன்.

அன்றைக்கு அவர் தன் நண்டை உடைத்துத் தான் தின்றார். பூமாரியின் தட்டில் நண்டு முழுசாகக் கிடந்தது.

“இன்னாடா, தங்கச்சிக்கு ஒடைக்கல?” என்றார் கன்னியம்மா.

“அவளுக்கு மிஷினு ஒடச்சி குடுக்கும்.”

பூமாரி ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தாள். அண்ணன் கை கழுவிவிட்டு வந்தார். பேன்ட் பையிலிருந்து போனை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“இந்தா. உன் ஆப்ப இதுலர்ந்து எடுத்துடு. பாக்கவே பேஜாரா கீது.”

அவள் இடது கையால் போனை எடுத்தாள். கண்ணாடி முழுக்க விரிசல். ஆப்பை அழிக்க விரலை வைத்து அழுத்தினாள். நகரவில்லை. திரும்ப அழுத்தினாள். எதற்கும் அசையவில்லை.

“அப்டி அமுக்கினா வாங்காது” என்றார் அவர், எரிச்சலோடு. “போன மாசம் கீய வுழுந்ததுலர்ந்து இப்டி தான். நகத்த சாச்சி, ஓரமா, கொஞ்ச நேரம் அழுத்தி புடிக்கணும்.”

அவள் நகத்தைச் சாய்த்து ஓரமாக அழுத்திப் பிடித்தாள். ரொம்ப நேரம் கழித்து ஒரு தடவை வாங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் முகம் மாறிவிட்டது. அந்தப் போனில் ஒரு நிமிஷத்துக்கு ஐந்து தடவை அழுத்தினாலே பெரிய காரியம். இருபத்தேழு தடவை எந்த மனுஷனாலும் முடியாது.

ஆப்பை அழிக்காமல் போனைக் கீழே வைத்துவிட்டு, எச்சில் கையோடு எழுந்து உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். லேப்டாப்பை ஒற்றைக் கையால் திறந்து, தான் வைத்த செட்டிங்கைப் பார்த்தாள். விரலை நீட்டி எனக்குக் காட்டினாள்.

“மொத கிளீனர் மூணு தபா கேக்கறான். அவன் ஒவ்வொரு தபா கேக்கும்போதும் ரெண்டாவது கிளீனர் மூணு தபா கேக்கறான். அவன் ஒவ்வொரு தபாக்கும் மூணாவது கிளீனர் மூணு தபா. பெருக்குடி.”

பெருக்கினேன். இருபத்தேழு.

“அண்ணன் ஒரு தபா தாண்டி அமுக்கிச்சி” என்றாள். “மீதி அத்தினியும் நான் அமுக்கினது.”

போய் அண்ணனிடம் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நாங்கள் வெளியே வந்தபோது அவர் கிளம்பிப் போய்விட்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகத் தேவப்பிரியத்திடம் போய்ச் சொன்னாள். நானும் கூட நின்றேன். அவர் அமைதியாகக் கேட்டார். அவளுடைய லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“நீ சொல்றது கரெக்டு தான் பூமாரி. நான் இல்லன்னு சொல்லல. ஆனா இன்னிக்கு வாணாம். காண்ட்ராக்ட் ரெனியூ ஆவற நேரம். இப்ப போய் எங்க செட்டிங் தான் தப்புன்னா டீமையே தூக்கிடுவாங்க. சைலன்ட்டா செட்டிங்க சரி பண்ணிடு. டிரைவருங்க அமுக்கினாங்கன்னு அவங்களே சொல்லிகினு கீறாங்க, நாம ஆமான்னு சொன்னா போதும்.”

“டிரைவருங்களுக்கு லோடு இல்ல தேவா.”

“வேற யார்டுக்கு போவாங்க. ஓட்டத் தெரிஞ்சவனுக்கு வேலை இல்லாம போவாது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கேவலமாக இருந்தது, நேருக்கு நேர் சொல்லியும் விட்டேன். அவர் கோபப்படவில்லை. “எனக்கு மட்டும் நல்லாவா கீது?” என்றார். டீமில் ஆறு பேர். ஆறு பேர் வீட்டு அடுப்பும் அவர் தலையில் எரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த பிறகு முழுசாகத் திட்டவும் வாய் வரவில்லை. பூமாரி தன் இடத்துக்குப் போய்ச் செட்டிங்கைச் சரிசெய்தாள். மூன்று இடத்தில் இருந்ததை ஒரே இடமாக்கி, பேக்ஆஃபும் சர்க்கியூட் பிரேக்கரும் வைத்தாள்.

மதியம் மீட்டிங். திரையில் ஏறக்குறைய முப்பது முகங்கள். ஹாலந்தில் தலைமை வகித்த அம்மாவுக்கு மரைக்கே என்று பெயர். எங்கள் தெருவில் மரைக்காயர் வீடுகள் இருப்பதால் எனக்கு அந்தப் பெயர் சட்டென்று ஒட்டிக்கொண்டது. அதட்டாமல் பேசுகிறவர், ஆனால் சுற்றி வளைத்துப் பேசினால் பிடிக்காது. வியாழக்கிழமை நடந்ததை எல்லாம் வரிசையாகக் கேட்டு முடித்தார். கடைசியில், எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை என்றார். டிரைவர்கள் ஏன் இத்தனை தடவை அழுத்தினார்கள், அவர்களை நிரந்தரமாக முடக்கும் விதியில் உங்களுக்கு மறுப்பு உண்டா, மெஷ்ஷைப் பார்த்துக்கொள்கிறவர் சொல்லட்டும் என்றார்.

சாட் பெட்டியில் முதலில் வந்தது தேவப்பிரியத்தின் வாக்கியம். முன்பே எழுதி வைத்திருந்திருக்கிறார். டிரைவர்களின் அளவு மீறிய முயற்சிகளால் நெரிசல் ஏற்பட்டது, விதியை வரவேற்கிறோம் என்று அழகான இங்கிலீஷ். அப்படியே வாசித்தால் வேலை முடிந்தது.

அதன் கீழே பூமாரியிடமிருந்து வந்தது: ‘உஸ்மா, இதுக்கு இன்னா சொல்றது?’

எப்போதும் கீழே தமிழில் இரண்டு வரி கொட்டுவாள். இந்தத் தடவை கொட்டவில்லை. எனக்குத்தான் விஷயம் முழுக்கத் தெரியுமே. நான் எழுதுவதைத் தேவப்பிரியமும் பார்ப்பார். யா அல்லா என்று சொல்லிக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். எழுத்துகள் தப்புத் தப்பாக விழுந்தன. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தேன். பாதி வாக்கியம்கூட முடிந்திருக்காது, அவள் மைக்கைத் திறந்துவிட்டாள்.

அவள் இங்கிலீஷ் கைப்பிடி இல்லாத மாடிப்படியில் ஏறுகிற மாதிரி ஒவ்வொரு படியாக வந்தது. நான் அதைத் தமிழில் சொல்கிறேன்.

“டிரைவர்கள் ஒரு தடவைதான் அழுத்தினார்கள். மீதி இருபத்தாறு தடவை கேட்டது எங்கள் சைட்கார்கள். அந்த ரீட்ரை செட்டிங்கை வைத்தது நான். மூன்று இடத்தில் வைத்தேன். பெருக்கிப் பார்க்கவில்லை. பேக்ஆஃப் வைக்கவில்லை. சர்க்கியூட் பிரேக்கர் வைக்கவில்லை. இன்று காலை எல்லாம் வைத்துவிட்டேன். தயவுசெய்து டிரைவர்களை முடக்காதீர்கள்.”

புதன்கிழமை வார்த்தைகள் ஒவ்வொன்றும் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கேமராவை அணைத்துக்கொண்டேன்.

மரைக்கே எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்.

“என் அண்ணன் அந்த டிரைவர்களில் ஒருவர்” என்றாள் பூமாரி. “ஒரு தடவைதான் அழுத்தினேன் என்று சொன்னார். நான் நம்பவில்லை.”

மரைக்கே தலையசைத்தார். விதி வேண்டாம், நம்பர்களை இன்றைக்கே திறக்கச் சொல்கிறேன், நடந்ததை எழுத்தில் அனுப்புங்கள் என்றார். எழுதுவது என் வேலை, எழுதி அனுப்பினேன். அவள் சொன்னதைவிட நான் ஒன்றும் பெரிதாகச் சேர்க்கவில்லை.

சும்மா விட்டுவிடவும் இல்லை. காண்ட்ராக்ட் ரெனியூ ஆனது, ஆனால் முன்பு கொடுத்ததில் பாதிக் காலத்துக்குத்தான். பூமாரி இனிமேல் எந்தச் செட்டிங்கையும் தனியாக மாற்றக் கூடாது, இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். தேவப்பிரியம் இரண்டு நாள் எங்களிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் புதன்கிழமை. வகுப்புக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, “இன்னிக்கு இன்னா வார்த்தை?” என்றார். அதோடு அது முடிந்தது.

முடியாதது வேறொன்று. டில்லி அண்ணன் நம்பர் திறந்துவிட்டது. மறுபடி லோடு எடுத்தார். டிரைவர்களின் வாட்சப் குரூப்பில் கம்பெனிக்காரன் தப்பாம் என்று மட்டும் வந்திருந்தது. எந்தக் கம்பெனி என்று அவருக்குத் தெரியும், யார் கை என்று தெரியாது. தங்கையோடு பேச்சு இல்லை. காலையில் எழுந்து போவார், வருவார், தூங்குவார்.

“சொன்னியாடி?” என்று மெட்ரோவில் தினம் கேட்டேன்.

“நாளிக்கு” என்பாள்.

முப்பது பேர் கேட்க இங்கிலீஷில் சொன்னவளுக்கு வீட்டில் தமிழில் வாய் திறக்க முடியவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இதில் என்ன கஷ்டம் உனக்கு என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அவங்களாண்ட தப்பு பண்ணேன்னு சொன்னா போதும். எங்கண்ணனாண்ட, உன்ன நம்பலன்னு சொல்லணும்” என்றாள்.

மறுநாள் நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். போன் சத்தம் கேட்டது. பூமாரி.

‘நண்டு கொயம்பு. அண்ணன் எதிர்க்க குந்திகினு கீது. அப்பா கடல்ல, அம்மா ஏலத்துலர்ந்து இன்னும் வரல, நாங்க ரெண்டு பேரு தான். உஸ்மா, இதுக்கு இன்னா சொல்றது?’

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு நான் பதில் அனுப்பாமல் விட்டது அந்த ஒரு மீட்டிங்கில்தான். ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு கொடிக்கடியில் உட்கார்ந்தேன். ஒன்று எழுதினேன், நாடக வசனம் மாதிரி இருந்தது, அழித்தேன். இன்னொன்று எழுதி அதையும் அழித்தேன். கடைசியில் இதை அனுப்பினேன்:

‘நான் தாண்ணா அமுக்கினேன், உன்ன நம்பாம போய்ட்டேன்னு ஒரே ஒரு தபா சொல்லு. திருப்பித் திருப்பி சொல்லாத. பதில் வர்ற வரிக்கும் சும்மா இரு.’

பார்த்துவிட்டாள் என்று காட்டியது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மீதித் துணியை உலர்த்தினேன். வாளியைக் கவிழ்த்து வைத்தேன். இன்னாடி ஆச்சு என்று கேட்கத் துடித்தது, எழுதியும்விட்டேன். அனுப்பாமல் அழித்தேன். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நானே விடாமல் கேட்டால் நன்றாகவா இருக்கும்? கீழே இறங்கி, அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டு, தட்டையும் கழுவி வைத்தேன்.

அப்புறம்தான் வந்தது.

‘ஒண்ணுமே பேசல. நண்ட ஒடச்சி என் தட்டுல வச்சிச்சி.’